வாங்குபவரின் விழிப்பும் சட்டத்தின் புனைவும்: பாவித்த வாகன விற்பனையில் மறைவழுக்கள் குறித்துச் சில சிந்தனைகள்

பண்டப் பரிமாற்றம் என்பது சமவுரிமையுடைய இருவர் தத்தம் விருப்பின்படி செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற எண்ணம் நவீன சட்டவியலின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். விற்பவரும் வாங்குபவரும் சந்தையிற் சந்திக்கின்றனர், விலை பேசுகின்றனர், பணமும் பொருளும் கைமாறுகின்றன. அவர்களுள் ஒருவர் ஆண்டானுமல்லர், மற்றவர் அடிமையுமல்லர். இச்சமத்துவத் தோற்றத்தின் பின்னே உண்மையான ஏற்றத்தாழ்வு எவ்வாறு மறைந்து நிற்கின்றது என்பதைக் காண விரும்புவோர்க்குப் பாவித்த வாகன விற்பனையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறொன்று கிடைத்தல் அரிது.

இலக்கிய ஆய்வாளருக்கும் பழைய முச்சக்கர வண்டிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். சட்டமும் ஒரு பனுவலே. அதன் வாசகங்கள் யாருடைய வாழ்வனுபவத்தை அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்டன, அதில் யார் பேசுகின்றார், யார் பேச்சிழந்து நிற்கின்றார் என்னும் வினாக்கள் திறனாய்வுக்குப் புறம்பானவையல்ல. எனினும் கோட்பாட்டு விளக்கத்தோடு நின்றுவிடுதல் எமது நோக்கமன்று. மறைவழுவுள்ள வாகனமொன்றை வாங்கி ஏமாந்தவருக்கு இலங்கையில் எவ்வழிகள் திறந்துள்ளன, அவை எவ்விடத்தில் அடைபடுகின்றன என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் முதன்மை நோக்கமாகும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மலையகத்தில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் தமக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியைக் கொண்டு தம் மகனுக்குப் பாவித்த முச்சக்கர வண்டியொன்றை வாகன விற்பனை நிலையமொன்றில் வாங்கிக் கொடுக்கின்றார். 'ஒருவரே ஓடிய வண்டி, எஞ்சின் ஒருநாளும் கழற்றப்படவில்லை' என்கிறார் விற்பவர். மூன்றாம் வாரத்தில் ஏற்றமொன்றிலே எஞ்சின் இறுகி நின்றுவிடுகின்றது. வெடித்த எஞ்சினை ஒட்டவைத்து, மேலே வர்ணம் பூசி, ஓடிய தூரங்காட்டும் மீற்றரையும் பின்னோக்கித் திருப்பியிருக்கிறார்கள் எனக் கராஜில் தெரியவருகின்றது. விற்பவரிடம் சென்றால், 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற ஒரு வாக்கியமே விடையாகக் கிடைக்கின்றது. ஒரு தலைமுறையின் உழைப்பு இரும்புக் குவியலாக வீட்டு வாசலில் நிற்கின்றது.

'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற இவ்வாக்கியம் தனியொரு வியாபாரியின் சாமர்த்தியப் பேச்சன்று. அதற்கு நெடிய சட்ட வரலாறு உண்டு.

1. புனைவின் வரலாறு

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தின் முதல் அத்தியாயத்தில், அடிக்குறிப்பொன்றிலே மார்க்ஸ் இதனைத் தொட்டுச் செல்கின்றார். வாங்குபவர் என்ற வகையில் எல்லோருமே எல்லாப் பண்டங்களைப் பற்றியும் நிறைவான அறிவுடையோர் என்பது முதலாளித்துவ சமுதாயம் தனக்கென வகுத்துக்கொண்ட சட்டப்புனைவு என்பது அவர் கருத்து. அதே நூலில் உழைப்பு நாள் பற்றிய அத்தியாயத்தில், படிகாரமும் மணலும் கலந்த ரொட்டியை இலண்டன் தொழிலாளர் உண்ண நேர்ந்தமையை அரசாங்க அறிக்கைகளின் துணைகொண்டு அவர் விவரிக்கின்றார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் புனைவின் பயன் புலனாகும். வாங்குபவர் அறிவார் எனச் சட்டம் பாவனை செய்தால், கலப்படத்தின் பொறுப்பு உண்டவன் மேலேயே விழுகின்றது.

ஆங்கிலப் பொதுச்சட்டம் இப்புனைவை 'வாங்குபவர் விழித்திருக்க' என்னும் விதியாக வளர்த்தெடுத்தது. 1603இல் தீர்க்கப்பட்ட சாண்டெலர் எதிர் லோப்பஸ் வழக்கு இதற்குப் பழைய சான்று. மருத்துவ ஆற்றலுடையதெனக் கருதப்பட்ட பெஸோவார்க் கல் எனக் கூறிப் பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லை நூறு பவுணுக்கு விற்றார். அது அக்கல் அன்று என வாங்கியவர் முறையிட்டபோது, வெறுமனே கூறியது போதாது, உத்தரவாதம் அளித்திருத்தல் வேண்டும் எனக் கூறி வழக்கு நிராகரிக்கப்பட்டது.

உரோமரின் சட்டம் இவ்வகையில் மாறுபட்டது. சந்தைகளை மேற்பார்வை செய்த ஈடைல் எனப்படும் அதிகாரிகள், விற்கப்படும் அடிமைகளினதும் கால்நடைகளினதும் நோயையும் குறைகளையும் விற்பவர் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டுமென விதித்தனர். குறை பின்னர் வெளிப்படின், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப்பெற ஒரு வழக்கும், விலையிற் குறைப்புப்பெற மற்றொரு வழக்கும் வாங்கியவருக்கு உரித்தாயின. மறைவழு பற்றிய சட்டப் பாதுகாப்பு மனிதரையே பண்டமாக்கிய சந்தையிற் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அங்கே பாதுகாக்கப்பட்டவன் அடிமையை வாங்கியவன், அடிமையல்லன்.

இவ்வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின் ஊடாக இலங்கைக்கும் வந்துசேர்ந்தன. அச்சட்டத்தின்படி மறைவழுவுக்கு விற்பவர் பொறுப்பாளி; அவர் வியாபாரியா தனியாளா என்பது முதன்மையன்று. தென்னாபிரிக்காவில் இக்கொள்கை பொதுச்சட்டத்தில் இன்றும் வாழ்கின்றது. இலங்கையிலோ 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பிரித்தானியாவின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றி, அசையும் பொருள்களின் விற்பனையை ஆங்கிலச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. நில விற்பனையில் உரோமன் டச்சுச் சட்டம் தொடர்ந்தது. இதனால், இலங்கைத் தெருக்களில் மோட்டார் வாகனம் ஓடத் தொடங்குமுன்னரே, அதை வாங்கப்போகின்றவரின் பாதுகாப்பு ஒடுங்கிவிட்டது. குடியேற்ற நாட்டு வணிகச் சட்டத்தின் 'நவீனத்துவம்' வாங்குபவர் பக்கத்திலிருந்து நோக்கும்போது ஒரு பின்னடைவாகவே தோன்றுகின்றது.

2. கட்டளைச் சட்டம் திறந்து வைத்துள்ள வாயில்கள்

எனினும் 1896ஆம் ஆண்டுச் சட்டம் புனைவை முழுமையாக ஏற்றுக்கொண்டது எனக் கூறுதல் பொருந்தாது. தரத்துக்கு மறைமுகமான உத்தரவாதம் இல்லை எனப் பொதுவிதி கூறிவிட்டு, அது இரு விலக்குகளை அளிக்கின்றது. தமக்கு அப்பொருள் எதற்குத் தேவை என்பதை வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் அறிவிலும் திறனிலும் நம்பிக்கை வைத்து வாங்கினால், அத்தேவைக்கு அது நியாயமான அளவு பொருந்துதல் வேண்டும் என்பது முதலாவது. அவ்வகைப் பொருளில் வியாபாரஞ் செய்பவரிடம் விவரணத்தின்படி வாங்கினால், அது வணிகத்தகு தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையிலே புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இரண்டாவது விலக்கு உதவாது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பரிசோதனையின் விளைவு, செய்யப்பட்ட பரிசோதனையின் அளவைப் பொறுத்தது. வண்டியைச் சுற்றிப் பார்த்து இருக்கையில் அமர்ந்து பார்த்தவருக்கு, எஞ்சினைக் கழற்றினாலன்றித் தெரியாத வெடிப்புப் புலப்பட்டிருக்க வேண்டும் என வாதிட முடியாது. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தின் விடை இதுவே: பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியதற்கு மட்டுமே பார்த்தவர் பொறுப்பு.

பாவித்த வாகனத்திடம் எத்துணைத் தரத்தை எதிர்பார்க்கலாம்? ஒரே மூலச் சட்டத்திலிருந்து எழுந்தமையால் ஆங்கில நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இங்கும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன. இரு வழக்குகளை ஒப்பிடுவோம். பார்ட்லெட் எதிர் சிட்னி மார்க்கஸ் (1965) வழக்கில், பாவித்த ஜகுவார் காரின் கிளச்சுக் குறையை விற்பவர் முன்னரே தெரிவித்து, தாம் திருத்திக் கொடுத்தால் 575 பவுண், வாங்குபவரே திருத்திக்கொண்டால் 550 பவுண் என்றார். குறைந்த விலையைத் தெரிந்தெடுத்த வாங்குபவருக்குத் திருத்தச் செலவு எதிர்பார்த்ததைவிடப் பெருகியது. அவர் வழக்கு வெற்றிபெறவில்லை. பழைய வண்டியிற் குறைகள் வெளிப்படும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே என்பது நீதிமன்றத்தின் கருத்து. குரோதர் எதிர் ஷனன் மோட்டர் கம்பனி (1975) வழக்கிலோ, 82,000 மைலுக்கு மேல் ஓடிய எட்டு வயதுடைய ஜகுவார் காரொன்று, வாங்கிய மூன்று வாரங்களில், 2,300 மைல் சொச்சம் ஓடியதும் எஞ்சின் இறுகி நின்றது. விற்பனையின்போதே எஞ்சின் ஆயுள் முடிந்த நிலையில் இருந்தது என நிறுவப்பட்டமையால் வாங்கியவர் வென்றார். பழைமை வேறு, பயனின்மை வேறு. முன்கூட்டிச் சொல்லப்பட்ட குறை வேறு, மறைக்கப்பட்ட குறை வேறு. எமது உதாரணத்து முச்சக்கர வண்டி இரண்டாவது வழக்கின் பக்கமே நிற்கின்றது.

விற்பவரின் வாய்மொழியும் சட்டத்தின் முன் வெறுமையானதன்று. டிக் பென்ற்லி எதிர் ஹரோல்ட் சிமித் (1965) வழக்கில், எஞ்சின் மாற்றியபின் 20,000 மைலே ஓடியது என வாகன வியாபாரி கூறியது பொய்யாயிற்று. அக்கூற்று ஒப்பந்தத்தின் உத்தரவாதமாகக் கொள்ளப்பட்டது. ஒஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ் (1957) வழக்கில் தனியாள் ஒருவர், பதிவுப் புத்தகத்தை நம்பி, தமது மொறிஸ் காரை 1948ஆம் ஆண்டுக்குரியது எனக் கூறி வியாபாரிகளுக்கு விற்றார். அது உண்மையில் 1939ஆம் ஆண்டுக்குரியது. அவர் கூற்று உத்தரவாதமாகக் கொள்ளப்படவில்லை. வியாபாரிகளே உண்மையைக் கண்டறியும் வல்லமை வாய்ந்தவர்கள் என்பது காரணம். அறிவு யாரிடம் இருந்ததோ அவரிடமே பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்னும் நெறியை இவ்விரு தீர்ப்புகளிலும் காணலாம். மார்க்ஸ் சுட்டிய புனைவு நீதிமன்றத்தின் உள்ளிருந்தே விரிசல் காணும் இடம் இது.

3. பரிகாரங்கள்

மறைவழு வெளிப்பட்டபின் வாங்கியவர் செய்யத்தக்கவற்றை இனி முறைப்படுத்தி நோக்கலாம்.

முதலாவது, நிராகரித்தல். நிபந்தனை மீறப்பட்டிருப்பின் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கோரலாம். ஆயினும் பொருளை ஏற்றுக்கொண்டவர் இவ்வுரிமையை இழக்கின்றார். நிராகரிப்பதாக அறிவியாது நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருத்தலும் ஏற்றுக்கொண்டமையாகவே கருதப்படும். எனவே குறை தெரிந்த அன்றே வண்டியை ஓடுவதை நிறுத்தி, எழுத்துமூலம் விற்பவருக்கு அறிவித்தல் இன்றியமையாதது. கராஜ் கராஜாக ஏறி இறங்கி மாதங்களைக் கழித்தபின் நிராகரிக்க முயல்வோர் பெரும்பாலும் வாசல் மூடியிருக்கக் காண்பர்.

இரண்டாவது, நட்டஈடு. நிராகரிக்கும் உரிமை போனபின்னும் இவ்வுரிமை எஞ்சியிருக்கும். உத்தரவாதத்தின்படி வண்டிக்கு இருந்திருக்க வேண்டிய பெறுமதிக்கும் அதன் உண்மைப் பெறுமதிக்குமுள்ள வேறுபாடே பொதுவான அளவுகோலாகும்.

மூன்றாவது, ஏமாற்று. மீற்றரைத் திருப்புதல், வெடிப்பை மறைத்து வர்ணம் பூசுதல் போன்றவை வேண்டுமென்றே செய்யப்பட்டமை நிறுவப்படின் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யக் கோரலாம். தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றுதல் குற்றமாகையாற் பொலிசிலும் முறையிடலாம். ஆனால் ஏமாற்றும் எண்ணத்தை நிறுவுதல் கடினம். அதை முறிந்த ஒப்பந்தமாகக் கருதிக் குடியியல் வழக்கிடுமாறு திருப்பியனுப்பப்படுதலும் உண்டு.

நான்காவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. விற்பவர் வியாபாரியாயின், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் குறித்து அங்கே முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்படுதல் வேண்டும். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்க்கு இது முக்கியமான வழியாகும்.

ஐந்தாவது, நீதிமன்றம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலான ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு ஆறு ஆண்டுகளும், எழுத்தில்லாததற்கு மூன்று ஆண்டுகளும் கால எல்லையாகும். பெறுமதி குறைந்த பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டியவை. அங்கு எழுதப்படும் இணக்கத்தை அற்பமாக எண்ணலாகாது. ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்கைவிட ஏழைக்கு அது பயன்தருதலும் கூடும்.

'இருந்தபடியே விற்கப்பட்டது, பின்னர் எவ்விதப் பொறுப்பும் ஏற்கப்படமாட்டாது' என்ற வாசகம் பற்றுச்சீட்டில் அச்சாகியிருத்தலைக் கண்டு பலர் மனந்தளர்கின்றனர். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இத்தகைய வாசகங்களின் வலிமையைக் கட்டுப்படுத்துகின்றது. அச்செழுத்து அனைத்தும் சட்டமன்று.

4. சங்கிலி அறுபடும் இடங்கள்

ஏட்டில் இத்தனை வழிகள் இருந்தும் நடைமுறையில் வாங்கியவர் வெறுங்கையுடன் திரும்புவது ஏன்?

விற்பவர் வியாபாரியல்லாத தனியாளாயின் தரம்பற்றிய மறைமுக நிபந்தனைகள் பெரும்பாலும் உதவா. இதை நன்கறிந்த வியாபாரி தன்னைத் தரகனாகவும், வேறொருவரை விற்பவராகவும் காட்டிக்கொள்கின்றான். உடைமை மாற்றத்தைப் பதியாது, பழைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களுடன் வண்டியைக் கைமாற்றும் 'ஓப்பின் பேப்பர்' வழக்கம் நெடுங்காலம் எம்மிடையே நிலவியது. இதில் வண்டி நான்கு கை மாறியிருக்கலாம்; பதிவேட்டிலோ முதலாமவரின் பெயரே இருக்கும். பணத்தைப் பெற்றவன் கடதாசியில் இல்லை. கடதாசியில் உள்ளவரை வாங்கியவர் கண்டதேயில்லை. யார்மீது வழக்கிடுவது?

தவணைக் கடனும் குத்தகை நிதியும் மற்றொரு முடிச்சாகும். லீசிங் முறையில் எடுக்கப்பட்ட வண்டியின் உடைமை நிதிக் கம்பனியிடமே இருக்கும். வண்டி ஓடாவிட்டாலும் தவணை ஓடும். வழுவைக் காரணங்காட்டித் தவணையை நிறுத்தியவர் வண்டியையும் இழந்து கட்டிய பணத்தையும் இழத்தல் கூடும். ஆகவே ஒப்பந்தத்தை வாசிப்பித்து அறிந்து, கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்த பின்னரே அடுத்த அடி வைத்தல் வேண்டும்.

பேரம்பேசும் வலிமையையும் சந்தையின் நிலையே தீர்மானிக்கின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பாவித்த வாகனங்களின் விலை பெரிதும் ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைத்த வண்டியைக் கேள்வியின்றி வாங்கும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். பொருள் அருகிய சந்தையில் வினாவெழுப்பும் உரிமையும் அருகிவிடுகின்றது.

1970இல் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொவ் பாவித்த கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல காருக்கும் மோசமான காருக்கும் ஒரே விலை அமைகின்றது. நல்ல காரின் உரிமையாளர் சந்தையைவிட்டு விலக, மோசமானவையே எஞ்சுகின்றன என்பது அவர் வாதம். அவ்வாய்வுக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இது முதலாளித்துவப் பொருளியல் தன் புனைவைத் தானே ஐயுற்ற தருணம் எனலாம். ஆனால் ஏற்றத்தாழ்வைத் தகவலின் ஏற்றத்தாழ்வாக மட்டும் காணுதல் போதாது. முச்சக்கர வண்டி வாங்கிய இளைஞனுக்குக் குறைவாயிருந்தது தகவல் மட்டுமா? பரிசோதகருக்குக் கொடுக்கப் பணமும், வேறு வண்டி வரும்வரை காத்திருக்கும் அவகாசமும், வழக்குத் தவணைகளுக்காக நாட்கூலியை இழக்கும் வசதியும் அவனிடம் இல்லை. அறியாமை வர்க்க நிலையின் ஒரு வெளிப்பாடேயன்றி அதன் முழுமையன்று.

5. முடிவாக

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் மிகையும் கொடுப்பதிற் குறையும் இன்றி நடுவுநிலை நின்றனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. இதனைப் பழந்தமிழரின் வணிக நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டி மகிழ்வோர் பலர். புகழ்ந்து கூறவேண்டிய அளவுக்கு அந்நேர்மை அரிதாயிருந்ததோ எனவும் வினவலாம். எவ்வாறாயினும், அறவுரை மட்டும் சந்தையைத் திருத்தியதாக வரலாறு இல்லை. ஈடைல்களின் ஆணை முதல் அண்மைக்காலப் பாவனையாளர் சட்டங்கள் வரை, வாங்குபவர் முற்றறிவுடையவர் என்ற புனைவு உடைக்கப்பட்ட இடங்களிலேதான் பாதுகாப்புப் பிறந்துள்ளது. பிரித்தானியாவே தன் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலமுறை திருத்தி, 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தில், வியாபாரியிடம் வாங்கிய குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் நிராகரிக்கும் உரிமையை வழங்கியுள்ளது. மூலத்தை எழுதியோர் அதனைக் கடந்து சென்றுவிட்டனர். படியெடுத்தோர் 1896ஆம் ஆண்டுப் பனுவலையே இன்னும் அடிப்படையாகக் கொண்டுள்ளனர். இச்சட்டத்தைத் திருத்தக் கோருதல் முற்போக்காளரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும்.

அதுவரை வாங்குபவரின் கையிலுள்ள கருவி எழுத்தே. விற்பவரின் பெயரும், அவர் கூறிய ஒவ்வொரு கூற்றும், மீற்றரின் எண்ணும், வண்டி எதற்குத் தேவை என்பதும் ஒரு தாளில் எழுதப்பட்டு இருவராலும் கையொப்பமிடப்படுமாயின், மேலே கூறிய வாயில்களுட் பல ஒரேயடியாகத் திறக்கும். பணம் கொடுக்குமுன் தாம் நம்பும் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுதலும், வழு தெரிந்தபின் கழற்றுமுன் படமெடுத்து, அவரது அறிக்கையை எழுத்திற் பெறுதலும் அத்தகையனவே. தனியொருவரால் இயலாததைச் சங்கத்தால் இயற்றலாம். முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கமும் தொழிற்சங்கமும் கூட்டுறவும் தமக்கென ஒரு பரிசோதகரையும் எளிய தமிழில் அச்சிட்ட விற்பனை ஒப்பந்தப் படிவத்தையும் ஏற்படுத்திக்கொள்ளல் இயலாத காரியமன்று. சட்டம் வாங்குபவருக்கு உண்டெனப் பாவனை செய்யும் அறிவைக் கூட்டாக ஈட்டிக்கொள்வதே அப்புனைவுக்கு நாம் அளிக்கத்தக்க மறுமொழியாகும்.